கழட்டிப் பூட்டிய வீடு

எங்கள் ஓவசியருக்கு முன்னால் 'உடை' என்ற சொல்லை ஒருவரும் சொல்லக் கூடாது. சொன்னால் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "உடைக்கிறேல்லைப் பிள்ளை, கழட்டிறது" என்று திருத்துவார். ஒருநாள் கந்தோரில் என் கை தட்டித் தேத்தண்ணிக் கிளாஸ் விழுந்து சிதறியது. நான் தும்புத்தடி எடுத்து வருவதற்குள் மனிதர் குந்தியிருந்து, சில்லுகளைப் பொறுக்கிப் பழைய பேப்பரில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். "ஐயா, அது உடைஞ்சு போச்சு" என்றேன். "ஓம், கழண்டு போச்சு" என்றார். இப்படிப்பட்ட ஆளைப் பிடித்து ஒரு தெருவை இடிக்கச் சொன்னார்கள். சொன்னவர்களுக்கும் தெளிவில்லை, கேட்டவருக்கும் தெளிவில்லை. எனக்கு அது இன்றைக்கும் தெளியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற பக்கம் இருந்த நகரசபைக் கந்தோரில் நான் ரைப்பிஸ்ட். தெரு, வடிகால், கட்டடம் எல்லாவற்றுக்கும் அவர்தான் ஓவசியர். அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் இருக்கிறார்கள், தவிர, நாங்கள் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

ஒல்லியான ஆள், காக்கிக் காற்சட்டை, நகக்கண்ணில் எப்போதும் சிவப்புப் பெயின்ற். எதைக் கழற்றினாலும் முதலில் நம்பர் போடுவார். குடையின் கம்பிகளுக்கு நம்பர், கதிரைக் கால்களுக்கு நம்பர். "ஓவசியர் செத்தால் கை காலுக்கு நம்பர் போட்டுத்தான் பெட்டியிலை வைக்கவேணும்" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். அவரும் சிரிப்பார். "நம்பர் கிடந்தால் திரும்பப் பூட்டலாம் எல்லோ" என்பார். அதை அவர் பகிடியாகச் சொன்னாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நம்பரோடு திசையும் எழுதுவார். வெள்ளைக்காரரின் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது விற்றுத் தள்ளிய சாமான்களுக்குள் ஒரு பித்தளைத் திசைகாட்டியை வாங்கி வைத்திருந்தார். அது எந்நேரமும் அவருடைய பொக்கற்றுக்குள் கிடக்கும். எங்கள் ஊரில் எல்லோருமே திசையில் கதைக்கிறவர்கள்தான். பந்தியில் இருக்கிறவரைக்கூட 'கொஞ்சம் தெற்காலை அரக்கி இருங்கோ' என்போம். ஆனால் இந்த மனிதர் மேசையில் கிடக்கிற ஊசியையும் "உங்கட வடகிழக்கு மூலையிலை கிடக்கு" என்று சொல்வார். நான் எரிச்சலோடு எல்லாப் பக்கமும் தடவுவேன். பார்த்தால் அவர் சொன்ன இடத்தில்தான் கிடக்கும்.

எங்கள் வீடு இருந்த தெரு ஒல்லாந்தர் காலத்துத் தெரு என்பார்கள். உண்மையோ பொய்யோ, சுவர் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. கடற்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. இரண்டு மாட்டு வண்டில் விலகப் போட்ட தெருவுக்குள் துறைமுகத்து லொறிகள் வந்தால் என்ன ஆகும்? மாதம் ஒருமுறையாவது யாருடையதோ ஒரு தூணை இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர்க் குழாயும் தெருமுனையோடு நின்றுவிட்டது. தெருவை அகலிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம். ஒரு கல்லையும் தொடக்கூடாது என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் கந்தோருக்கு வந்து கத்தின. கடைசியில் சபைத் தலைவர் ஓவசியரைப் பார்த்து, "நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார். மனிதர் எழும்பி நின்று, "ரோட்டும் வேணும், வீடும் வேணும்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

இரண்டு பக்கமும் சேர்ந்து அவரை ஏசின. குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நானும் மனதுக்குள் ஏசினேன். முதுகெலும்பு இல்லாத மனிதர் என்றுதான் நினைத்தேன்.

ஏனென்றால் நான் ரோட்டுப் பக்கம். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்த வீடு, அடுத்து எனக்கு வர இருந்தது. எனக்கு அது வேண்டாம். கிணறு உவர். மாரிக்கு ஓடு பத்து இடத்தில் ஒழுகும். வாளிக் கக்கூசைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கந்தோர் விட்டு வந்து, தெருமுனைக் குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்று, பெண்களோடு சண்டை பிடித்து, இடுப்பு நோகத் தண்ணீர் சுமந்தவளுக்குத்தான் பழைய வீட்டின் அழகு தெரியும்.

தெருவின் மேற்குப் பக்க வீடுகள் போகவேண்டும் என்று முடிவானது. நோட்டீஸ்களை நான்தான் அடித்தேன். நாலாவது நோட்டீஸ் அம்மாவுக்கு. அம்மாவின் பெயரை அடிக்கும்போது ஓர் எழுத்துக்கூடப் பிழைக்கவில்லை. தபால் செலவு எதற்கு என்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டு, முதலிலிருந்து கடைசி வரை வாசித்தா.

"நல்ல வடிவாய் அடிச்சிருக்கினம். ஆர் அடிச்சது?"

"நான்தான் அம்மா."

"ம்" என்று சொல்லி அதை அலுமாரிக்குள் வைத்தா. ஒப்பம் வைக்கவில்லை. மற்ற எல்லோரும் வைத்த பிறகும் வைக்கவில்லை.

அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். யாருடைய பிள்ளை எந்த நட்சத்திரம், யாருடைய கலியாணத்தன்று மழை, எந்தப் புயலுக்கு எவருடைய மதில் விழுந்தது, எல்லாம் அவவின் நாக்கு நுனியில் இருக்கும். பிறப்புப் பத்திரத்தைத் தொலைத்தவர்கள் அரசாங்கக் கச்சேரிக்குப் போக முதல் அம்மாவிடம்தான் வருவார்கள். மூதூரிலிருந்து லோஞ்சு ஏறி வந்து கேட்டவர்களும் உண்டு. அம்மாவின் தமக்கை, என் பெரியம்மா, கடைசிக் காலத்தில் எல்லாம் மறந்து, சொந்த வீட்டுக்குள் இருந்துகொண்டே "வீட்டை போவம், வீட்டை போவம்" என்று அழுதவ. அம்மா தன் சீவியத்தில் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

ஓவசியர் ஒருநாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். கையில் பெயின்ற் ரின் இல்லை, அதுவே எனக்கு ஆச்சரியம்.

"அம்மா, உங்கட வீட்டை நாங்கள் உடைக்கேல்லை. கழட்டி, ரோட்டுக்குக் கிழக்காலை கிடக்கிற வெறுங்காணியிலை திரும்பப் பூட்டுவம். வாசிகசாலையாய் இருக்கும். நீங்கள் நினைச்ச நேரம் போய் இருக்கலாம். தலைவரோடை கதைச்சிட்டன்."

"ஒரு ஆணியும் மாறாதோ தம்பி?"

"மாறாது."

"இது நான் கண்ணை மூடிக்கொண்டு சாமியறைக்குப் போற வீடு. கால் தானாய்ப் போகும்."

"அங்கையும் கண்ணை மூடிக்கொண்டே போகலாம் அம்மா."

அம்மா அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் பேனையைக் கேட்டா. எனக்குச் சந்தோஷம். அவர் சொன்னதைச் செய்வாரா, செய்ய விடுவார்களா என்று நான் யோசிக்கவேயில்லை. அம்மா ஒப்பம் வைத்தால் போதும் என்று இருந்தேன்.

பிறகு அவர் கழற்றிய விதத்தைப் பார்க்கவேண்டும். கிண்ணியாவிலிருந்து வந்த ஓடாவியார் ஒருவர், அதாவது தச்சுவேலைக்காரர், ஆப்பு வைத்து மெல்ல மெல்ல நிலைகளை நெகிழ்த்துவார். ஓவசியர் பக்கத்தில் திசைகாட்டியோடும் சிவப்புப் பெயின்ற்றோடும் நிற்பார். வடக்குப் பக்கத்துக் கதவென்றால் 'வ', தெற்குப் பக்கத்து யன்னலென்றால் 'தெ', பக்கத்தில் நம்பர். தூண், கூரைத் தீராந்தி, கொக்கி, யன்னல் கம்பி ஒன்றும் தப்பவில்லை. சுவரைக் கழற்ற ஏலாது, அதற்கு மட்டும் அளவெடுத்துப் படம் கீறினார். அம்மா ஒவ்வொரு நாளும் தேத்தண்ணியோடு போய் நின்று, "அந்தக் கதவு வாடைக்கு இறுகும், சீவிப்போடாதேங்கோ" என்று சொல்லுவா. அதையும் அவர் எழுதிக்கொள்வார்.

ரோட்டு வந்தது. எங்களுக்கு வீட்டுத்திட்டத்தில் சின்ன வீடு கிடைத்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர். முதல்நாள் நான் வேண்டுமென்றே மூன்று முறை கால் கழுவினேன். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படவில்லை. ஆனால் அன்று அம்மா குழாயடியில் வந்து நின்று, "நல்ல தண்ணி" என்று மட்டும் சொன்னதை மறக்கவும் முடியவில்லை. இரண்டும் உண்மைதான், நான் என்ன செய்ய?

கழற்றிய வீடு கந்தோர் வளவுக்குள் தகரக் கூரையின் கீழ் மூன்று மாரி கிடந்தது. காசில்லை, சீமெந்தில்லை, பாணுக்கே வரிசையில் நிற்கிற காலம். கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து எங்கள் வீட்டுக் கதவுகளுக்குப் பக்கத்தில் படுக்கும். ஓவசியர் அவற்றைத் துரத்த மாட்டார். மாரி முடிய, மங்கிப்போன நம்பர்களுக்கு மேல் திரும்பவும் சிவப்புப் பூசுவார். அம்மா வழியில் கண்டால் கேட்பா: "எங்கட வீடு என்னமாதிரி தம்பி?" அவர் சொல்வார்: "நம்பர் அழியேல்லை அம்மா." சுகம் விசாரிப்பதுபோல இரண்டு பேரும் இதையே திருப்பித் திருப்பிக் கதைப்பதைக் கேட்டு எனக்குச் சில நேரம் சிரிப்பு வரும், சில நேரம் விசர் வரும்.

கடைசியில் காசு வந்தது. ரோட்டுக்குக் கிழக்கே இருந்த காணியில் ஓடாவியாரே வந்து பூட்டினார். வேலை நடக்கும்போது நான் ஒருநாள் கடிதம் ஒன்றில் ஒப்பம் வாங்கப் போனேன். ஓடாவியார் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சேர், உள்ளுக்குப் போனா என்னமோ தலை சுத்திற மாதிரிக் கிடக்கு."

"நம்பர் என்ன சொல்லுது?"

"நம்பரெல்லாம் சரிதான்."

"அப்ப சரி" என்றார் ஓவசியர். நானும் உள்ளே எட்டிப் பார்த்தேன். எனக்கும் ஏதோ ஒரு மாதிரி இருந்தது. வெயிலில் நடந்து வந்த களைப்பென்று நினைத்தேன்.

திறப்பு விழாவுக்கு அம்மா வெள்ளைச் சேலை உடுத்து, வாழையிலையில் செவ்வரத்தம்பூ சுற்றிக்கொண்டு வந்தா. சாமியறைக்குத்தான் பூ. தலைவர் நாடாவை வெட்டியதும், "வீட்டுக்காரி முதல் போகட்டும்" என்று ஓவசியர் சொன்னார். அம்மா செருப்பைக் கழற்றி, நிலையைத் தொட்டுக் கும்பிட்டு, உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனா. விறாந்தை தாண்டி வலப்பக்கம் திரும்பி நாலு அடி வைத்தா. கையை நீட்டினா. அங்கே சுவர்.

சனம் பார்த்துக்கொண்டு நின்றது. அம்மா கண்ணைத் திறந்து, சுவரைத் தடவி, என்னைத் திரும்பிப் பார்த்தா.

"சாமியறை எங்கை பிள்ளை?"

நான் இடப்பக்கம் கையைக் காட்டினேன். அதே கதவு, அதே கொக்கி, வாடைக்கு இறுகுகிற அதே பலகை.

"இஞ்சாலையே இருந்தது?" என்று கேட்டா. மெதுவாகத்தான் கேட்டா, ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த அம்மாவின் குரல் இல்லை.

"ஓம் அம்மா" என்றேன். எனக்கே நிச்சயம் இல்லை. நானும் உள்ளே வந்தவுடன் வலப்பக்கம்தான் திரும்பியிருந்தேன். அதை நான் சொல்லவில்லை. விழா நாளில் எதற்குக் கரைச்சல் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு அம்மா ஒருவருக்கும் திகதி சொல்லவில்லை. யாராவது வந்து கேட்டால், "எனக்கு இப்ப ஞாபகம் பிழைக்குது. வேறை ஆரிட்டையாவது கேளுங்கோ" என்பா. அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை போய்ப் பார்ப்பா. ஒருநாள் குசினியில் இருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தா: "அக்காவுக்கும் இப்பிடித்தான் துவங்கினது."

கொஞ்ச நாளில் ஓவசியர் என் மேசைக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை. இரண்டு படங்களையும் திசைகாட்டியையும் என் முன்னால் வைத்தார்.

"பிள்ளை, பழைய வீடு ரோட்டுக்கு மேற்காலை, கிழக்கைப் பார்த்து நிண்டது. இப்ப ரோட்டுக்குக் கிழக்காலை, மேற்கைப் பார்த்து நிக்குது. நான் வடக்குச் சாமான் எல்லாத்தையும் வடக்காலையே வைச்சிட்டன். வீடு திரும்பி நிக்குது எண்டதை நினைக்கேல்லை. வலம் இடமாய்ப் போச்சு."

நான் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரிப்புத்தான் வந்தது. சிரித்த வாயோடு ஒன்று சொன்னேன், அதற்காக வெட்கப்படுகிறேன். "ஒருத்தருக்கும் தெரியாது ஐயா, விடுங்கோ. ஊர் சிரிக்கும். உங்களுக்குப் பென்சன் வாற நேரம்."

"உங்கட அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமே. அவ ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவ தனக்கு மறதி வந்திட்டுது எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா."

மனிதருடைய முகம் சுண்டிப்போனது. திசைகாட்டியை எடுத்துப் பொக்கற்றுக்குள் போடப் பார்த்தார். அது இரண்டு முறை வெளியே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்தார். அம்மாவுக்கு முன்னால் நின்றபடியே சொன்னார். "அம்மா, உங்களுக்கு மறதி இல்லை. நான்தான் வீட்டை மாறிப் பூட்டிப்போட்டன்." படத்தைக் காட்டினார். வடக்கைக் காட்டினார், தெற்கைக் காட்டினார். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டா.

"நீங்கள் நல்ல மனிசன் தம்பி. என்ரை மனம் ஆறச் சொல்லுறியள். அவ்வளவு நம்பர் போட்ட ஆள் மாறி வைப்பியளே?"

"அம்மா, உண்மையாத்தான்" என்று நானும் சொன்னேன். "நானும் அண்டைக்கு வலப்பக்கம்தான் திரும்பினனான்."

"நீ அண்டைக்கு இடப்பக்கம்தான் காட்டினாய்" என்றா அம்மா. 

ஓவசியர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் அலுமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். கழற்றுவதற்கு முன்னால், சத்தியமாகச் சொல்கிறேன், பென்சிலால் அதன் விளிம்பில் ஒரு நம்பர் போட்டார். பிறகு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான், நடுவில் என்ன ஏதென்று விளங்காத அம்மா. பட்டப்பகலில், புது ரோட்டு வழியே, கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கேட்டால் மூச்சு வாங்க, "வாங்கோ, வாங்கோ" என்றார்.

வாசிகசாலை வாசற்படலையில், வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி அம்மாவை நிற்க வைத்தார். அம்மா மேற்கைப் பார்த்து நின்றா, முந்தி வெளியே போய் வீட்டுக்கு வருகிற மாதிரியே. அவர் கண்ணாடியைத் தானே தூக்கிக்கொண்டு தார் ரோட்டுக்குள் இறங்கி, எங்கள் பழைய வீட்டு முற்றம் கிடந்த இடத்தில் அதை நிறுத்தி, பின்னால் நின்று இரண்டு கையாலும் பிடித்தார். துறைமுகத்து லொறி ஒன்று வந்து கோர்ன் அடித்தது. உள்ளே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர்களுக்கும் அவரே சொன்னார்: "நான் விட்ட பிழை. வீட்டை மாறிப் பூட்டிப்போட்டன். அம்மா பார்த்து முடியட்டும்." யாரோ சிரித்தார்கள்.

நான் அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணாடியைப் பார்த்தேன். வாசிகசாலை என்ற பலகையின் எழுத்து மட்டும் இடம் வலமாய் மாறிக் கிடந்தது. மற்றதெல்லாம் எங்கள் வீடு. வலப்பக்கம், வடக்காலை, சாமியறையின் சின்ன யன்னல்.

அம்மா வலக்கையை மெல்ல உயர்த்தி, அந்த யன்னல் பக்கம் நீட்டினா. கை ஒரு சொட்டும் தடுமாறவில்லை.

லொறிக்காரன் திரும்பவும் கோர்ன் அடித்தான். கண்ணாடியின் இந்தப் பக்கத்தை ஓவசியரால் பார்க்க முடியாது. அவர் அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியுதே அம்மா? சரியாய்த் தெரியுதே?"

"தெரியுது தம்பி" என்றா அம்மா. "கொஞ்ச நேரம் அசையாமல் பிடியுங்கோ."